வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: ஆயிரம் ரூபாய்க்குள் எந்த நிறுவனம், எந்தப் பிளான்?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழை வழியே வரும் இணைய இணைப்பு, வாங்க நினைப்பவருக்கு ஜியோ, ஏர்டெல், பி.எஸ்.என்.எல். ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களின் இணைப்பும், சென்னை, கோவை போன்ற நகரங்களில் ஆக்ட் நிறுவனத்தின் இணைப்பும், ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உள்ளூர்க் கேபிள்காரர் தரும் இணைப்பும் இன்று கிடைக்கின்றன. இவற்றில் எதை எடுக்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எத்தனை மெகாபிட், எத்தனை ரூபாய் என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். தாம்பரம் பக்கம் எங்கள் வீட்டிலும், கும்பகோணத்தில் அக்கா வீட்டிலும் வெவ்வேறு இணைப்புகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் அனுபவத்தில், வரி நீங்கலாக மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும் பிளான்களை இங்கே ஒப்பிட்டிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாதாரணக் குடும்பத்துக்கு இந்த விலைக்குள் கிடைக்கும் எந்த வேகமும் ஏறக்குறையப் போதும், ஃபைபர் அறுந்துபோனால் உங்கள் தெருவுக்கு யார், எவ்வளவு விரைவில் வந்து ஜாயிண்ட் போட்டுத் தருகிறார் என்பதை விசாரித்துத்தான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்றைய விலைகளின் அடிப்படை 2020-ஆம் ஆண்டு ஊரடங்குக் காலத்தில் போடப்பட்டது. பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்திருந்த அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஜியோ மாதம் 399 ரூபாய்க்கு வினாடிக்கு 30 மெகாபிட் வேகம் என்ற பிளானை அறிவித்தது. அதற்கு மேல் 699 ரூபாய்க்கு 100 மெகாபிட், 999 ரூபாய்க்கு 150 மெகாபிட் என்று படிகள் வைத்தது. அடுத்த சில நாள்களிலேயே ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 மெகாபிட், 799 ரூபாய்க்கு 100 மெகாபிட், 999 ரூபாய்க்கு 200 மெகாபிட் என்ற பட்டியலோடு வந்தது. அக்டோபரில் பி.எஸ்.என்.எல். 449 ரூபாய்க்கு 30 மெகாபிட், 799 ரூபாய்க்கு 100 மெகாபிட், 999 ரூபாய்க்கு 200 மெகாபிட் என்று அறிவித்தது. பின்னர் சில பிளான்களின் வேகத்தை அவ்வப்போது கூட்டியும் வந்திருக்கிறது. கைபேசிக் கட்டணம் அதன்பின் ஏறியிருந்தும், வீட்டு இணைப்பின் இந்தப் படிகள் பல ஆண்டுகள் பெரிதாக அசையாமலே இருந்தன. வாங்குபவருக்கு இது நல்ல செய்திதான். ஆனாலும் பணம் கட்டும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்து, உங்கள் ஊருக்கான பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் காணும் தொகை நாம் கட்டும் தொகை அல்ல. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும்போது, 399 ரூபாய் பிளானுக்கு 470 ரூபாய் 82 காசும், 499 ரூபாய் பிளானுக்கு 588 ரூபாய் 82 காசும், 799 ரூபாய் பிளானுக்கு 942 ரூபாய் 82 காசும் ஆகின்றன. 999 ரூபாய் பிளான் 1,178 ரூபாய் 82 காசு என்று ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. மாதக் கணக்கில் சிறிதாகத் தெரியும் வேறுபாட்டை ஆண்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்பது நல்லது. 399 ரூபாய் பிளானுக்கும் 999 ரூபாய் பிளானுக்கும் இடையே, வரியோடு சேர்த்து ஆண்டுக்கு 8,496 ரூபாய் வேறுபாடு வருகிறது. ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ முன்பணமாகக் கட்டினால் நிறுவும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும், கூடுதலாகச் சில நாள்கள் தருவதும் வழக்கமாக இருக்கின்றன. புதிய இணைப்பு எடுப்பவர் அந்தச் சலுகைக்காக ஓராண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கட்டிவிட வேண்டாம். பணம் போய்ச் சேர்ந்தபின் சேவை மோசமாக இருந்தாலும் ஆண்டு முடியும்வரை அங்கேயே இருந்தாக வேண்டும். முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு நீண்ட பிளானுக்குப் போகலாம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை எளிதாகவே கணக்கிடலாம். 4கே தரத்தில் படம் பார்க்க 15 மெகாபிட்டும், முழு எச்.டி. தரத்துக்கு 5 மெகாபிட்டும் போதும் என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே பரிந்துரைக்கிறது. அலுவலக வீடியோக் கூட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் ஆகும். கூடத்துத் தொலைக்காட்சியில் 4கே படம், இரண்டு கைபேசிகளில் எச்.டி. வீடியோ, மாடி அறையில் ஒருவருக்கு அலுவலகக் கூட்டம் என்று எல்லாமே ஒரே நேரத்தில் ஓடினாலும் கணக்கு 29 மெகாபிட்டில் முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் 40 மெகாபிட் இணைப்பில், மாலை நேரத்தில்கூட யாரும் படம் சுற்றிக்கொண்டு நிற்கிறது என்று சொன்னதில்லை. நால்வருக்கு மேல் உள்ள வீடு என்றால் 100 மெகாபிட் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும்.

அப்படிக் காரணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். திருமண வீடியோ எடுத்துத் தொகுப்பவர், பெரிய வடிவமைப்புக் கோப்புகளை அனுப்புபவர், கணினியில் பெரிய விளையாட்டுகளை இறக்குபவர் ஆகியோருக்கு வேகம் என்பது நேரடியாக நேரம். 100 ஜி.பி. அளவுள்ள ஒரு கோப்பை 30 மெகாபிட் இணைப்பில் இறக்க ஏறத்தாழ ஏழரை மணி நேரமும், 200 மெகாபிட் இணைப்பில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவும் ஆகும். இப்படிப்பட்டவர்கள் பதிவேற்ற வேகத்தைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் ஃபைபர் பிளான்களில் இரு திசையிலும் ஒரே வேகம் தருவது பொதுவான வழக்கம். உள்ளூர் இணைப்புகள் சிலவற்றில் பதிவேற்றம் பாதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அளவில்லா டேட்டா என்று சொல்லப்பட்டாலும், மூன்று பெரிய நிறுவனங்களின் பெரும்பாலான பிளான்களிலும் மாதத்துக்கு ஏறத்தாழ 3,300 ஜி.பி. என்ற வரம்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 110 ஜி.பி. ஆகும் இந்த அளவைத் தீர்க்க, தினமும் பதினாறு மணி நேரம் 4கே படம் ஓட வேண்டும் என்பதால், வீடுகளுக்கு இது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. உள்ளூர்க் கேபிள் இணைப்பில் மட்டும் இந்த வரம்பையும், அது தீர்ந்தபின் கிடைக்கும் வேகத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேகம் குறைவு என்ற புகார்களில் பெரும்பகுதி, நிறுவனத்தின் ஃபைபரால் வருவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் வைஃபையால் வருகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளில், கூடத்தின் மூலையில் வைத்த ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டாவது சுவரைத் தாண்டுவதற்குள் நலிந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான் இருப்பதால், இருபது வீடுகள் உள்ள அடுக்குமாடியில் எல்லா ரவுட்டர்களும் அந்த மூன்றுக்குள் நெருக்கியடிக்கின்றன. குறைந்த விலைப் பிளானோடு தரப்படும் மோடம் சில இடங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளதாக இருக்கும். இன்னும் சிலவற்றில் கம்பி செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் கடத்தாது. அப்படிப்பட்ட மோடத்தை வைத்துக்கொண்டு 200 மெகாபிட் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டினாலும், கம்பி வழியாக 95-ஐத் தாண்டிக் கிடைக்காது. எனவே மோடம் இரண்டு அலைவரிசையும் உள்ளதா, அதன் துளை கிகாபிட் வகையா என்ற இரண்டையும், ஆள் வந்து சுவரில் துளை போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாடி வீடு என்றால், பிளானை உயர்த்தும் பணத்தில் மாடிக்கு ஒரு லேன் கம்பி இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதுதான் பயன் தரும்.

ஃபைபர் எப்படி இழுக்கப்படுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. மோடத்துக்கு வந்து சேரும் ஒளியின் அளவை டி.பி.எம். என்ற அலகில் சொல்வார்கள். கழித்தல் 18 முதல் 24 வரை இருந்தால் நல்லது, கழித்தல் 27-ஐ ஒட்டிவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரத் தொடங்கும். அக்கா வீட்டில் சில மாதம் மழை வந்தால் மட்டும் நெட் போய்க்கொண்டிருந்தது. லைன்மேன் தம்பி வந்து பவர் மீட்டரை வைத்துப் பார்த்தபோது அளவு கழித்தல் 28-ல் இருந்தது. வெளியே எல்லாம் சரியாக இருக்க, ஜன்னல் சட்டத்தின் வழியாக உள்ளே வந்த கம்பி, மழைக்குக் கதவைச் சாத்தும்போதெல்லாம் நசுங்கி மடிந்துகொண்டிருந்தது. ஃபைபரைக் கூர்மையாக மடித்தால் உள்ளே ஓடும் ஒளி அந்த இடத்தில் கசிந்துவிடும். சுவரில் தனித் துளை போட்டு வளைவாக இழுத்ததும் அளவு கழித்தல் 21-க்கு வந்தது; அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. இணைப்பு கொடுத்த அன்றே இந்த அளவை லைன்மேனிடம் கேட்டு, மோடத்தின் அடியில் ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். பின்னாளில் வேகம் குறையும்போது, கோளாறு வெளியிலா உள்ளேயா என்று அந்த ஒரு எண் சொல்லிவிடும்.

இனி எனக்கு முதன்மையாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் வீட்டுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் தரைக்கடியில் வருவதில்லை. மின்கம்பத்திலும் தெருவிளக்குக் கம்பத்திலும் சுற்றப்பட்டு, மரக்கிளைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டுதான் வருகிறது. உயரமான லாரி, முறியும் கிளை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும் இயந்திரம் என்று அது அறுபட ஆயிரம் வழிகள் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் மின்சாரமும் இணைப்புகளும் நாள்கணக்கில் நின்றுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே எந்த நிறுவனம் எடுத்தாலும் ஆண்டில் ஒரு முறையாவது மோடத்தில், ஒளி வரவில்லை என்பதைக் காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக எரியத்தான் போகிறது. அன்றைக்கு எவ்வளவு விரைவில் அது அணைகிறது என்பதில்தான் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது.

எங்கள் தெருவில் வடிகால் வேலையின்போது கம்பி அறுந்தது. அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் இணைப்பு. பெயர் இங்கே தேவையில்லை. செயலியில் புகார் பதிந்தால் சில மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது என்று குறுஞ்செய்தி வரும். மோடத்திலோ சிவப்பு விளக்கு அப்படியே இருக்கும். மீண்டும் பதிந்தால் மீண்டும் மூடுவார்கள். அழைத்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். என் மனைவி கைபேசியின் டேட்டாவில் அலுவலக வேலையை ஓட்டிக்கொண்டு அந்த வாரத்தைக் கடத்தினாள். அதே வடிகால் வேலையில் எதிர் வீட்டுக் கம்பியும் அறுந்திருந்தது. அவர்கள் வைத்திருந்தது உள்ளூர்க் கேபிள்காரரின் இணைப்பு. அன்று மாலையே ஏணியோடு இருவர் வந்து, கறுப்பு உறையைச் சீவி, முடியிழை போன்ற கண்ணாடி இழையை ஸ்பிரிட் தொட்ட தாளால் துடைத்து, வெட்டி, ஸ்பிளைசர் இயந்திரத்துக்குள் வைத்து மூடினார்கள். திரையில் இரு முனைகளும் நேர்ப்பட்டு நிற்க, ஒரு பொறி பறந்து இரண்டும் ஒன்றாயின. அதன்மேல் சிறு உறையைச் சூடாக்கி இறுக்கி, பெட்டியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டார்கள். வேலை என்னவோ கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்துக்கு ஆள் இல்லாமல்தான் ஒரு வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் இணைப்பு இல்லாமல் போனது.

இதனால் உள்ளூர் இணைப்புதான் எப்போதும் சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. கேபிள்காரர் மொத்தமாக இணையத் திறனை (பேண்ட்விட்த்) வாங்கித்தான் ஊருக்குப் பிரித்துக் கொடுக்கிறார். வாங்கிய அளவுக்கு மீறி வீடுகளைச் சேர்த்துவிட்டால், இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை வேகம் பாதியாகிவிடும். சந்தா கட்டும் முன், அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒரு வேகச் சோதனை செய்து பார்த்துவிடுங்கள். சோதனைத் தளம் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் அருகிலேயே, சில நேரம் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும் என்பதால் எண் அழகாக வரும். சிங்கப்பூரில் உள்ள ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தும் ஒருமுறை ஓட்டினால் உண்மை நிலை தெரியும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

நிறுவனங்களைத் தனித்தனியாகப் பார்த்தால், குறைந்த செலவில் தொடங்க விரும்பும் சிறு குடும்பத்துக்கு ஜியோவின் 399 ரூபாய் பிளான் விலைக்கேற்ற நல்ல தேர்வு. 100 மெகாபிட் வேண்டும் என்பவருக்கும், 2020 பட்டியலின்படி 699 ரூபாயில் தந்த ஜியோவே, 799 ரூபாயில் தந்த மற்ற இருவரைவிட வரியோடு ஆண்டுக்கு 1,416 ரூபாய் மலிவு. 999 ரூபாய்ப் படியில் வேகத்தை மட்டும் பார்ப்பவருக்கு 200 மெகாபிட் தரும் ஏர்டெலும் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் முந்துகின்றன. பி.எஸ்.என்.எல். விஷயத்தில் நிறையப் பேர் பழைய நினைவிலேயே இருக்கிறார்கள். செப்புக் கம்பித் தொலைபேசிக் காலத்து நிறுவனத்தில் 2020 ஜனவரி 31 அன்று 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் சென்றார்கள். இன்று பல ஊர்களில் அதன் ஃபைபர் இணைப்பை வருவாய்ப் பங்கீட்டு முறையில் உள்ளூர்க் கேபிள்காரர்களே இழுத்து, அவர்களே பழுது பார்க்கிறார்கள். அதாவது நிறுவனத்தின் முதுகெலும்பு வலையும், தெருவில் தெரிந்த ஆளும் ஒரே இணைப்பில் கிடைக்கின்றன. அக்கா வீட்டில் இருப்பது இதுதான். கோளாறு என்றால் அக்கா அழைப்பது எந்த எண்ணையும் அல்ல, இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்தத் தம்பியைத்தான். சிற்றூரிலும் சிறு நகரத்திலும் இருப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டையே. ஆனால் இதன் தரம் முழுக்க அந்தக் கூட்டாளியைப் பொறுத்தது என்பதால், ஓர் ஊரில் கிடைக்கும் நல்ல பெயரை வைத்து அடுத்த ஊரில் எடுத்துவிடக் கூடாது.

ஃபைபர் இன்னும் எட்டாத தெருக்களுக்கு, 5ஜி அலையை மாடியில் வைக்கும் பெட்டியால் வாங்கி வீட்டுக்குள் தரும் ஏர்ஃபைபர் சேவை இருக்கிறது. ஜியோ இதை 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உட்பட எட்டு நகரங்களில் தொடங்கியது. 599 ரூபாய்க்கு 30 மெகாபிட், 899 ரூபாய்க்கு 100 மெகாபிட் என்று விலை வைத்தது. கம்பி அறுபடும் கவலை இதில் இல்லை. ஆனால் மாதத்துக்கு 1,000 ஜி.பி. என்று வரம்பு குறைவு. கோபுரத்தில் கூட்டம் சேரும் மாலையில் வேகமும் தாமதமும் ஏறி இறங்கும். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இதை எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பிளானோடு வரும் ஓடிடி சந்தாக்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. வீட்டில் ஏற்கெனவே பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி எதுவோ, அதன் விலையை மட்டும் கழித்துக் கணக்குப் போடுங்கள். பட்டியலில் உள்ள மற்ற பதினைந்து பெயர்களுக்கும் மதிப்பு பூச்சியம்தான்.

மின்வெட்டு மறக்கக் கூடாத ஒன்று. தெருவில் மின்சாரம் போனாலும் ஃபைபரில் ஒளி பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும். நம் மோடம் அணைவதால்தான் நெட் போகிறது. பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால், ஏறத்தாழ ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சிறிய யு.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டினால் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

புகார் தீராதபோது செயலியோடு போராடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் புகார் மையமும், அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரியும் இருந்தாக வேண்டும். முதல் புகாரின் பதிவு எண்ணை வைத்து மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. எங்கள் வடிகால் விவகாரத்தில் ஆள் வந்ததும் மேல்முறையீட்டுக்கு எழுதிய பிறகுதான். ஆகவே குறுஞ்செய்தியில் வரும் பதிவு எண்களை அழிக்காமல் வைத்திருங்கள். சரிசெய்யப்பட்டது என்று பொய்யாக மூடினால், சிவப்பு விளக்கு எரியும் மோடத்தைத் தேதி தெரியப் படம் எடுத்து உடனே அனுப்புங்கள்.

கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறுவது போன்ற ஏற்பாடு வீட்டு இணைய இணைப்புக்கு இல்லை. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை எடுக்க வேண்டியதுதான். புதிய இணைப்பு வந்து ஒரு வாரமாவது நன்றாக ஓடிய பிறகு பழையதை நிறுத்துங்கள். நிறுத்தும்போது மோடத்தையும் அடாப்டரையும் வாங்க வரும் ஆளிடம், வரிசை எண் குறிப்பிட்ட ரசீதோ மின்னஞ்சலோ பெற்றுக்கொள்ளாமல் கொடுக்க வேண்டாம். வைப்புத்தொகை திரும்பி வரும்வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.